உமிச் சாம்பலில் ஓர் உயிர்!

"அய்யோ...! ஓடியாங்களேன்...! அய்யா கிடக்குற கெடையைப் பாருங்களேன்...!"

சமையல்காரி மாடத்தியின் அலறல் சோழபுரத்தின் காலையைக் கிழித்தது.

கிழித்ததே தவிர, உடனே ஓடி வர அந்த வீட்டில் ஆள் இல்லை.

பெரிய வீடு. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை. அதில் கவிழ்த்து வைத்த ஒரே ஒரு தட்டு.

சாய்வு நாற்காலியில் கிடந்தார் சுபேதார் வீரணன். ராணுவத்தின் வண்டிப் பட்டறையில் ஊறிப்போன உடம்பு. அப்போதும் சட்டையின் மேல் பட்டன் வரை பூட்டியிருந்தது.

மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

உதடு... நாவல்பழ நிறம்!

பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'புஸ்ஸ்... டக்! புஸ்ஸ்... டக்!' பச்சை விளக்கு எரிந்தது.

மெஷினுக்கு உயிர் இருந்தது. மனிதருக்கு?

எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்தான் முத்துக்குமரன். வீரணனின் அண்ணன் மகன். நாற்காலியை ஒரு பார்வை பார்த்தான். செல்போனை எடுத்தான்.

"போலீஸ் ஸ்டேஷனா? கொலை சார்... கொலை! எங்க சித்தப்பாவைக் கொன்னுட்டா சார்! வேற யாருமில்ல... அவரு பெத்த மக!"

*

கொலை ஆகவில்லை!

ஆம்புலன்சில் வந்தவர்கள் நாடியைப் பிடித்தார்கள். நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சிலிண்டரை மாட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு பறந்தார்கள்.

வண்டி போன பிறகு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஈஸ்வரி இறங்கினாள். பின்னாலேயே ஏட்டு பால்ச்சாமி. முப்பது வருஷ சர்வீஸ். வாய் மட்டும் ஓய்வு பெறாது.

"சொல்லுங்க முத்துக்குமரன். மெஷின் ஓடுது. லைட் எரியுது. பொறவு எப்படி மூச்சு நின்னுது?"

"உள்ள இருக்குற உருண்டைதான் மேடம் காரணம்!"

"என்ன உருண்டை?"

"காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிக்கிற உருண்டை. ஜியோலைட்டுன்னு பேரு. சித்தப்பாவுக்குத் தெரியாம, மெஷின் கடைக்காரன் ஷாநவாஸ் பழசை எடுத்துட்டு, அவரு மக அனுசியா செஞ்சதைப் போட்டுட்டான். ரெண்டு பேரும் கூட்டு!"

"மக எங்க இருக்கா?"

"ராஜபாளையத்துல. சித்தப்பா அவளைத் தலை முழுகி நாலு வருஷமாச்சு மேடம். ஊரறியக் கம்மாயில முங்கி எந்திரிச்சாரு."

"நாலு வருஷமா துவட்டவே இல்ல போல..." என்று முனகினார் பால்ச்சாமி.

ஈஸ்வரி திரும்பி முறைத்தாள். ஏட்டு மோட்டுவளையைப் பார்த்தார்.

"எதுக்குத் தலை முழுகினாரு? காதல் கல்யாணமா?"

"அதுன்னாக்கூட மன்னிச்சிருப்பாரு. எம்.எஸ்ஸி. படிச்சிட்டு வந்து, மில்லு மில்லாப் போயி உமிச் சாம்பல் அள்ளுனா! அள்ளித் தொலையட்டும். அந்தச் சாம்பல் மூட்டை மேல என்ன பேர் அடிச்சா தெரியுமா? வீரணன் ஜியோலைட்ஸ்!"

ஈஸ்வரிக்குப் புரிந்தது.

ஊருக்கே நெல் அளந்து போட்ட குடும்பம். அந்தக் குடும்பத் தலைவரின் பெயர், சாம்பல் மூட்டையின் முதுகில்! அவர் கோபப்பட்டதில் தவறில்லை. கோபப்படாவிட்டால்தான் அவர் வீரணன் இல்லை.

மாடத்தியைக் கூப்பிட்டாள் ஈஸ்வரி.

"மக இங்க வந்தாளா?"

"வாசப்படி மிதிக்கல தாயி. மிதிச்சிருந்தா அந்த மனுசன் இப்படித் தனியாக் கிடப்பாரா?" மாடத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ரேடியோவைக்கூட நிறுத்திட்டாவ. ஏன்யான்னு கேட்டேன். மெஷின் சத்தம் போதும் மாடத்தி, பக்கத்துல யாரோ தூங்குற மாதிரி இருக்குன்னாவ..."



'புஸ்ஸ்... டக்!' என்றது மெஷின், ஆளில்லாத நாற்காலியைப் பார்த்து.

"பால்ச்சாமி, இதை நிறுத்தி வண்டியில ஏத்துங்க. ராஜபாளையம் போலாம்."

*

ஊருக்கு வெளியே, மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கட்டிடம். தூரத்தில் மலை. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகச் சாம்பல் மூட்டைகள்.

ஒவ்வொரு மூட்டையிலும் அந்தப் பெயர்.

முகத்தில் துணி கட்டிய ஒரு பெண், உலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்சைத் திறந்துகொண்டிருந்தாள். காக்கியைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அனுசியாவா?"

"ஆமா."

"உங்க அப்பா விஷயமா..."

"எனக்கு அப்பா இல்ல. அதை அவியளே ஊரக் கூட்டிச் சொல்லிட்டாவ." விறைப்பாகத்தான் ஆரம்பித்தாள். ஈஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். விறைப்பு உடைந்தது. "...இருக்காவளா?"

"இருக்காரு. பிழைப்பாரான்னு தெரியல."

அனுசியா ஒரு மூட்டையின் மேல் சரிந்து உட்கார்ந்தாள்.

ஈஸ்வரி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். மெஷினைத் திறந்து எடுத்த உருண்டைகள். மிளகு அளவு. லேசாகப் பழுப்போடிய வெள்ளை.

"இது உங்க சரக்கா?"

"எங்க இருந்துச்சு?"

"உங்க அப்பாவோட ஆக்சிஜன் மெஷின்ல."

"அய்யோ!" துள்ளி எழுந்தாள். "இதை நோயாளிக்கு வைக்கக் கூடாதே! இன்னும் அனுமதியே வாங்கலையே! சோதனைக்குன்னு ஷாநவாஸ் அண்ணன்கிட்ட மட்டும்தான் குடுத்தேன்!"

"சாம்பல்ல இருந்தா இது வருது?" பால்ச்சாமி எட்டிப் பார்த்தார். "எங்க வீட்ல சாம்பல் இருந்தா நான் பாத்திரம் தேய்க்கணும். அம்புட்டுதான்."

"உமியில மணல்ல இருக்குற சத்து இருக்குண்ணே. அளவான சூட்டுல எரிக்கணும். சூடு ஏறிப்போச்சுன்னா அந்தச் சாம்பல் கரையாது. நல்ல சாம்பலைக் காஸ்டிக் சோடாவுல கொதிக்க வச்சா கண்ணாடித் தண்ணி மாதிரி ஆகும். அலுமினியம் உப்பைச் சேர்த்து, சூட்டுலயே வச்சிருந்தா வெள்ளைத் தூளா இறங்கும். அதை உருட்டிச் சுட்டா இந்த உருண்டை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஓட்டையா இருக்கும். காத்து உள்ள போனா நைட்ரஜனைப் பிடிச்சு வச்சுக்கிடும். ஆக்சிஜனை வெளியே விட்டுரும்."

பேசும்போது அவள் முகம் மாறியது. இந்த நான்கு வருஷத்தில் இதையெல்லாம் கேட்க யாரும் வந்ததில்லை போலிருந்தது.

"விடலையே?" என்றாள் ஈஸ்வரி. "மெஷின் ஓடியிருக்கு. ஆக்சிஜன் வரல. உங்க உருண்டைதான் உள்ள. நீங்களே சொல்லுங்க, நான் யாரைப் பிடிக்க?"

"பிடிங்க. ஜெயில்ல போடுங்க." அனுசியா இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். "ஆனா என் சரக்கு எங்க அப்பாவைக் கொன்னுச்சுன்னு மட்டும் எழுதிராதீங்க மேடம். அதைக் கேட்டுக்கிட்டு என்னால உயிரோட இருக்க முடியாது..."

பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உருண்டைகளைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம்... தூசியே இல்ல."

"என்னது?"

"புது உருண்டைன்னா கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும். இது துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் மேடம். வழியில ஷாநவாஸ் அண்ணனைக் கூட்டிக்கிடுங்க. ரெண்டு டம்ளரும் கொஞ்சம் தண்ணியும் இருந்தாப் போதும்... என் சரக்கு தப்பா இல்லையான்னு காட்டிருதேன்."

மூடி முத்திரை வைத்த ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். டிபன் பாக்ஸ் திறந்தபடியே கிடந்தது.

*

ஸ்ரீவில்லிபுத்தூர். மெடிக்கல் கருவிகள் வாடகைக்கு விடும் கடை.

ஷாநவாஸுக்கு வியர்த்தது.

"அல்லா மேல ஆணையா சொல்லுதேன் மேடம். வீரணன் ஐயாதான் போடச் சொன்னாவ!"

"தலை முழுகின மக செஞ்சதையா?"

"நானும் அதான் கேட்டேன். 'ஏலே ஷாநவாஸ், ஊரெல்லாம் அவ சரக்கு நல்லாருக்குன்னு பேசுதான். எனக்கு ஒண்ணு போட்டுப் பாரு. வெளியே ஒருத்தனுக்குத் தெரிஞ்சுது, தொலைச்சிருவேன்'ன்னாவ. பயந்துக்கிட்டுப் போட்டேன். ஆனா போட்டதும் அளந்தேன் மேடம்! ஆக்சிஜன் நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு! இப்ப எப்படிப் போச்சுன்னு எனக்கே விளங்கல!"

"அனுமதி இல்லாத சரக்கை நோயாளிக்கு வச்ச. அதுக்குத் தனியா கேஸ் இருக்கு. ஏறு வண்டியில!"

ஜீப்பில் ஈஸ்வரி யோசித்தாள்.

ஷாநவாஸ் சொல்வது உண்மையாக இருந்தால் அனுசியா தப்பிப்பாள். ஆனால் அந்த உண்மையை இந்த ஊரில் எவன் நம்புவான்? வாக்குத் தவறாத வீரணன், தலை முழுகியவள் கைப்பட்ட பொருளைத் தேடி வாங்கினார் என்று சொன்னால் கோர்ட்டே சிரிக்கும்.

சொல்ல வேண்டியவர் ஒருவர்தான்.

வீரணன்!

*

மத்தியானம். ஆஸ்பத்திரி வார்டு.

வீரணனுக்கு நினைவு திரும்பியிருந்தது. கட்டிலிலும் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்திருந்தார். மற்ற கட்டில்களில் ஆளுக்கு நாலு பேர் சுற்றி நின்றார்கள். அவர் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நின்றது. பிறகு முத்துக்குமரன்.

அனுசியா வாசல் நிலையைத் தாண்டவில்லை.

தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீரணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஐயா," என்றாள் ஈஸ்வரி, "ஷாநவாஸ் கிட்ட உங்க மக உருண்டையைக் கேட்டீங்களா?"

"எனக்கு மக இல்ல."

"சரி. உருண்டையைக் கேட்டீங்களா?"

வீரணன் போர்வையின் மடிப்பை இழுத்து நேராக்கினார்.

"நீங்க வாயைத் திறக்கலைன்னா இந்தப் பொண்ணை இப்பவே கூட்டிட்டுப் போகணும்."

வீரணனின் தாடை இறுகியது. அவ்வளவுதான்.

"அதான் சொல்லிட்டாருல்ல மேடம்!" முத்துக்குமரன் முன்னால் வந்தான். "எங்க குடும்பத்துல ஒரு சொல்லுதான்."

ஈஸ்வரி பெருமூச்சு விட்டாள். "அனுசியா, உங்க டம்ளர் வித்தையைக் காட்டுங்க."

அனுசியா தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். டப்பாவின் முத்திரையை உடைத்து, புது உருண்டைகளை ஒரு டம்ளரில் போட்டாள். மெஷினில் இருந்ததை இன்னொன்றில் போட்டாள்.

"ரெண்டுலயும் தண்ணி ஊத்தப் போறேன். யாராவது கையில பிடிங்க."

மெஷின் உருண்டை இருந்த டம்ளரை ஈஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

"சாட்சிக்கு நீங்க ஒண்ணைப் பிடிங்க முத்துக்குமரன்."

அவன் கையில் புது உருண்டை டம்ளர்.

அனுசியா சொம்பைச் சாய்த்தாள்...

தண்ணீர் விழுமுன் முத்துக்குமரன் டம்ளரை ஸ்டூலில் வைத்துக் கையை உதறினான்.

"சுடும்!"



"சுடுமா?" ஈஸ்வரி மெல்லக் கேட்டாள். "குழாய்த் தண்ணி... எப்படிச் சுடும்?"

"இல்ல... சும்மா... வாய் தவறி..."

அனுசியா தண்ணீரை ஊற்றினாள். 'சொர்ர்ர்...' ஆவி கிளம்பியது. ஈஸ்வரி விரலை வைத்தாள். உண்மையிலேயே சுட்டது!

தன் கையிலிருந்த டம்ளரை நீட்டினாள். அதிலும் ஊற்றினாள் அனுசியா.

ஜில்லென்று இருந்தது.

"இதுக்குக் காத்தைவிடத் தண்ணி மேலதான் ஆசை மேடம்," என்றாள் அனுசியா. "காஞ்ச உருண்டை தண்ணியக் கண்டா இழுத்துக்கிடும். அதுல சூடு கிளம்பும். மெஷின்ல இருந்தது முன்னாடியே தண்ணி குடிச்சு நெறஞ்சு போச்சு. இனி அது நைட்ரஜனைப் பிடிக்காது. வெறும் கூழாங்கல்லு. யாரோ நனைச்சிருக்காவ!"

"மேடம்!" ஷாநவாஸ் கத்தினான். "இந்த வித்தையை நான் இவனுக்குக் காட்டியிருக்கேன்! போன வாரம் கடைக்கு வந்தான். 'சித்தப்பா மெஷின்ல என்ன போட்டிருக்க, தண்ணி பட்டா என்ன ஆகும்'ன்னு கேட்டான். இப்படித்தான் ஊத்திக் காட்டினேன். நனைஞ்சா மெஷின் ஓடும், ஆக்சிஜன் வராதுன்னு சொன்னேன். வீட்டுப் பிள்ளை, சும்மா கேக்கான்னுல்லா நெனச்சேன்!"

எல்லோர் பார்வையும் முத்துக்குமரன் மேல்.

அவன் அசரவில்லை. சிரித்தான்!

"தெரிஞ்சிருந்தா குத்தமா? மெஷினை நான் தொடவே இல்ல. என் கைரேகை இருந்தாக் காட்டுங்க. எவ செஞ்சாளோ அவளைக் கேளுங்க. அந்தச் சாம்பக்காரியைக் கேளுங்க!"

"ஏலே!!!"

வார்டே அதிர்ந்தது. நர்ஸ் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

வீரணன் சுவரைவிட்டுத் திரும்பியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"எவளைப் பாத்துலே சாம்பக்காரிங்கே? சுபேதார் வீரணன் மகலே அவ! நான் அவளைத் திட்டுவேன், தள்ளி வைப்பேன். அது எனக்கும் அவளுக்கும். நீ யாருலே?"

அனுசியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், எழுதிக்கிடுங்க." வீரணன் மூச்சு வாங்கினார். "உருண்டையைக் கேட்டு வாங்கினது நான். மெஷினைக் கழட்டினது நான். நனைச்சதும் நான்தான்."

"நீங்களா?" ஈஸ்வரி திகைத்தாள். "எதுக்குங்கய்யா?"

"சாம்பல்ல செஞ்ச சாமான். சுத்தம் பண்ணாம வீட்டுக்குள்ள ஏத்தலாமா? மஞ்சத் தண்ணியில மூணு தடவை அலசினேன். சிலிண்டரை மாட்டிக்கிட்டு, ரெண்டு நாள் மொட்டை மாடியில காயப் போட்டுத் திரும்ப மாட்டினேன். நல்ல வெயிலு."

"வெயில்ல அது காயாதுப்பா!" அனுசியாவிடமிருந்து வெடித்துக்கொண்டு வந்தது.

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல். சொன்னவளும் கேட்டவரும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தார்கள்.

"அலசணும்னு உங்களுக்கா தோணுச்சா?" ஈஸ்வரி விடவில்லை. "இல்ல, யாராவது சொன்னாங்களா?"



ஒரு பக்கம் பெற்ற மகள். மறுபக்கம் கூடப்பிறந்த அண்ணனின் ரத்தம். வீட்டுப் பிள்ளையைப் போலீசில் காட்டிக்கொடுப்பது அந்தக் குடும்பத்தில் இதுவரை நடக்காத காரியம். அந்தக் கிழவரின் நெஞ்சில் அப்போது என்ன ஓடியது என்று கேட்க நமக்குத் தகுதி இல்லை.

முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

"ஏலே முத்துக்குமரா. மாடத்தி அந்தப் பக்கம் போனதும் வந்து சொன்னியே. 'ஊருக்குத் தெரியாது சித்தப்பா, நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா சாம்பல் தீட்டு நம்ம வீட்டுக்கு ஆகாது. மஞ்சத் தண்ணியில அலசிட்டுப் போடுங்க'ன்னு. என் மானத்தைக் காக்க வந்த பிள்ளைன்னுலே நெனச்சேன்! தண்ணி பட்டா நான் சாவேன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

"சித்தப்பா... அது வந்து..."

"எதுக்குலே?"

முத்துக்குமரன் பல்லைக் கடித்தான். "உருண்டையைத் தேடி வாங்குனவரு, நாளைக்கு அவளையும் வீட்டுக்குள்ள கூப்பிடுவீரு! நாலு வருஷமா உமக்குக் கொள்ளி போடப் போறவன் நான்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதேன். வீடும் வயலும் அவளுக்கு... எனக்கு நாமமா?"

சொன்ன பிறகுதான் எதிரில் இன்ஸ்பெக்டர் நிற்பது அவன் நினைவுக்கு வந்தது.

ஆயுதம் இல்லை. விஷம் இல்லை. ஒரு மனிதரின் கௌரவத்தையே எடுத்து அவர் மூச்சை நிறுத்தப் பார்த்திருக்கிறான்!

ஈஸ்வரி கண்ணைக் காட்டினாள். பால்ச்சாமி விலங்கை எடுத்தார்.

*

கூட்டம் கலைந்தது.

அனுசியா டம்ளர்களைக் கழுவித் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததை மறுபடி துடைத்தாள்.

வீரணன் மோட்டுவளையைப் பார்த்தார்.

"மேடம், அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க. சாப்பிட்டுச்சான்னு."

ஈஸ்வரி இரண்டடி தூரத்தில் நின்ற அனுசியாவிடம் திரும்பினாள். "சாப்பிட்டீங்களான்னு கேக்காரு."

"இல்லைன்னு அந்த ஐயாகிட்ட சொல்லுங்க மேடம். உலை எரிஞ்சுக்கிட்டு இருக்கு. சூடு கூடிருச்சுன்னா சாம்பல் வீணாப் போயிரும். நான் போகணும்."

"நல்ல கம்பெனி உருண்டை வாங்கி மெஷினைச் சரி பண்ண ஆள் வேணும்னு சொல்லுங்க."

"நாளைக்கு ஆள் வரும்னு சொல்லுங்க."

"ஆள் வர வேண்டாம்னு சொல்லுங்க!" குரல் உயர்ந்து, இருமலில் அடங்கியது.  "அந்தப் பொண்ணையே வரச் சொல்லுங்க. பின்வாசல் வழியா வரக் கூடாது. அது வெளியாளுக்கு. முன்வாசல் வழியா வரணும்."

அனுசியா டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வாரேன்னு சொல்லுங்க மேடம்."

போய்விட்டாள்.

வீரணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தன் சட்டையின் மேல் பட்டனைச் சரிபார்த்துக்கொண்டார்.

வெளியே ஜீப்பில், விலங்கோடு முத்துக்குமரன். ஏறி உட்கார்ந்த பிறகும் பால்ச்சாமியின் முகத்தில் ஏதோ கவலை.

"என்ன பால்ச்சாமி, கேஸ்தான் முடிஞ்சுதே?"

"அதான் மேடம் பயமா இருக்கு. ஓடி வந்து புகார் குடுத்தவனையே உள்ள தூக்கி வச்சிட்டோம்... இனிமே இந்தச் சுத்துப்பட்டுல வீட்டுல திருடன் புகுந்தாக்கூட, 'நாங்க திருடன்கிட்டயே பேசிக்கிடுதோம்'ன்னுல்லா சொல்லுவானுக!"